பாரீசின் அருங்காட்சியகங்களில் மூன்று வாரம்

கடற்கரைச் சாலையில் மாலை நடை வரும் நண்பர்கள் ஆறு பேரும் ஊர் திரும்பிய என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பாரீசுக்குப் போய் மூணு வாரம் இருந்தியே, என்ன பார்த்தே?" "மியூசியம்" என்றேன். "அது சரி, வேற என்ன பார்த்தே?" என்றார்கள். வேறு ஒன்றும் பெரிதாகப் பார்க்கவில்லை. ஐஃபெல் கோபுரத்தைக் கூட கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. 73 வயதில் முதன்முறையாக ஓர் ஊருக்குப் போகிறவன், கால் தாங்கும் வரை எதைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். நான் அருங்காட்சியகங்களை முடிவு செய்தேன். அதற்குக் காரணம் உண்டு.

என் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்கள் சிலருக்கு இது புரியும். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். கோலுவாக்கள் நம் முன்னோர் என்று படித்தோம். நம் முன்னோர் வில்லியனூரிலும் பாகூரிலும் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் படித்தோம். சேன் நதியின் கிளை நதிகளை வரிசையாகச் சொல்லத் தெரியும். பெண்ணையாற்றைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. பிறகு அரசு வேலைக்கு வந்தேன். அலுவலகத்தில் ஆங்கிலமும் தமிழும். படித்த பிரெஞ்சு, பழைய பத்திரங்களில் ஏதாவது புரியவில்லை என்றால் மேலதிகாரி கூப்பிட்டு வாசிக்கச் சொல்லும்போது மட்டும் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரம்தான். அது இன்னும் தண்ணீர் பிடிக்குமா என்று பார்க்க ஆசை.

இன்னொரு காரணம் என் அண்ணன். எனக்குப் பத்து வயது மூத்தவர். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த நாம் எல்லோரும் இந்தியக் குடிமக்கள் ஆனோம். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு 'ஒப்சியோன்' என்று பெயர். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "நான் பொறந்த வீட்டுலயே குந்திக்கிட்டு நான் அந்நியனாவ முடியாது" என்றார். நான் சிறுவன், பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் பெற்றோர் வழி. அண்ணனுக்கு 22 வயது. ஒரு நாள் காலையில் சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார். அடுத்த இரண்டாண்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. பட்டாளம் முடிந்து ஒரு கிடங்கில் வேலை. இப்போது பாரீசின் வடக்குப் புறநகர் ஒன்றில் அண்ணியோடு இருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு இரண்டு தேசம். நம் ஊரில் இது அதிசயமில்லை.

போன முதல் நாளே, "நாளைக்கு லூவ்ர் போலாமாண்ணா?" என்று கேட்டேன். "நீ போய் வா. எனக்கு அங்க என்ன வேல?" என்றார். பாரீசைச் சுற்றியே ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர், ஓர் அருங்காட்சியகத்திலும் கால் வைத்ததில்லை. அது படித்தவர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் உரிய இடம் என்பது அவர் எண்ணம். ரயில் நிலையம் வரை வந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து, எந்த இடத்தில் மாற வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

லூவ்ர் முதலில் கோட்டை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலிப் ஒகுய்ஸ்த் மன்னன் கட்டியது. அந்த அகழியின் அடித்தளச் சுவர்களை நிலவறையில் இன்றும் பார்க்கலாம். பிறகு அரண்மனை ஆயிற்று. புரட்சி வந்து, 1793 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பொதுமக்களுக்கு அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். அந்தத் தேதியைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார்கள். முடியாட்சி கவிழ்ந்து சரியாக ஓராண்டு. அரசன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததைச் செருப்புத் தைப்பவனும் பார்க்கலாம் என்று ஆனது அன்றுதான். நான் போன 2023-இல் 17 யூரோ டிக்கெட்.

அங்கே காட்சிக்கு இருப்பவை சுமார் 35,000. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நிமிஷம் நின்றால் தூக்கமில்லாமல் 24 நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழைய தொழில் விடவில்லை. மோனா லிசாவின் முன் அத்திவரதர் தரிசனம் போலக் கூட்டம். படம் 77 சென்டிமீட்டர் உயரம்தான். நான் பார்த்தது பெரும்பாலும் பிறர் தூக்கிப் பிடித்த செல்போன்களை. 1911 ஆகஸ்டில் அது திருட்டுப் போனது. எடுத்தவன் அங்கே வேலை பார்த்த ஓர் இத்தாலியத் தொழிலாளி. இரண்டு ஆண்டு கழித்து ஃபுளோரன்சில் அகப்பட்டது. இடைப்பட்ட நாளில், படம் மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்களாம். மனிதர்களுக்கு இருப்பதைவிட இல்லாததன் மேல்தான் ஈர்ப்பு.

நான் லூவ்ரில் அதிக நேரம் நின்றது எகிப்தியப் பகுதியில், சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு எழுத்தர் முன்னால். உயரம் 54 சென்டிமீட்டர்தான். சுண்ணாம்புக்கல்லில் செய்து வண்ணம் பூசியது. வயது நாலாயிரம் ஆண்டுக்கும் மேல். 1850-இல் சக்காராவில் மரியெத் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டி எடுத்தது. மடியில் பாப்பிரஸ் சுருள் விரித்திருக்கிறது. வலது கையில் எழுதுகோல் பிடித்த பாவனை. எழுதுகோல் எப்போதோ காணாமல் போய்விட்டது. லேசாகத் தொப்பை விழுந்த உடம்பு. கண்களைப் படிகக் கல்லில் பதித்திருக்கிறார்கள், நம்மையே பார்க்கின்றன. 'சொல்லுங்க, எழுதிக்கறேன்' என்கிற பார்வை. முப்பத்தைந்து ஆண்டு மேலதிகாரி முன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தவன் நான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? அரசர்களுக்குச் சிலை வைப்பது உலக வழக்கம். ஒரு கணக்கப்பிள்ளைக்கும் சிலை வைத்து, நாலாயிரம் ஆண்டு கழித்து அவனைப் பார்க்க உலகம் வருகிறது என்றால் நமக்கும் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம் போலிருந்தது.

இரண்டாவது, கார்னவாலே. பாரீஸ் நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம். மாரே பகுதியில் இருக்கிறது. நகராட்சியுடையது, நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. 1880-இல் திறந்தது. மதாம் தெ செவிஞ்ஞே தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டு குடியிருந்த வீடு. மகளுக்கு அவர் எழுதிய கடிதங்களை எங்களுக்குப் பள்ளியில் பாடமாக வைத்து, மனப்பாடம் செய்யாதவர்களை மணலில் முட்டி போட வைத்தார்கள். அந்த அம்மையார் வீட்டு வாசலில் நிற்கும்போது முழங்கால் தானாகவே ஒரு முறை வலித்தது.

நுழைந்ததும் பழைய கடைப் பலகைகள் தொங்கும் கூடம். பூட்டுக் கடைக்குப் பெரிய சாவி, மதுக்கடைக்குத் திராட்சைக் குலை என்று இரும்பிலும் மரத்திலும் செய்து தொங்கவிட்டவை. வீட்டுக்குக் கதவிலக்கம் இல்லாத, பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் இவைதான் முகவரி. நம் ஊரிலும் 'பெரிய கடிகாரம் மாட்டின கடைக்குப் பக்கத்து சந்து' என்றுதானே வழி சொன்னோம். பாஸ்தீய் சிறையை இடித்தபோது ஒப்பந்தம் எடுத்த பலுவா என்பவர், அதே சிறைக் கல்லில் குட்டிச் சிறைகள் செதுக்கி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பினார். அதில் ஒன்று இங்கே இருக்கிறது. 14 ஜுலை 1789 என்று எத்தனை பரீட்சையில் எழுதியிருப்பேன்! அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்தபோதுதான் அது தேதி மட்டுமல்ல, ஒரு கட்டிடம் என்று மனசுக்குப் பட்டது.

இங்கேதான் என் பிரெஞ்சு திரும்பி வந்தது. முதல் நாள் லூவ்ரில் ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டினேன். கார்னவாலேயில் மூன்றாவது அறைக்குள் போகும்போது விளக்கப் பலகையை வாசிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சு மூதாட்டி கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார். நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். என் உச்சரிப்பு அவருடைய தாத்தா காலத்து உச்சரிப்பு என்று சிரித்தார். இருக்கும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாதிரியார்களும் அந்தக் காலத்தவர்கள்தானே.

மூன்றாவது, ஆர் எ மெத்தியே. தொழில்நுட்ப அருங்காட்சியகம். சுற்றுலாக்காரர்கள் அவ்வளவாக வருவதில்லை. அதனாலேயே உட்கார இடம் கிடைக்கும். 1794-இல், புரட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, கைத்தொழில் கற்க இயந்திரங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று பாதிரியார் கிரெகுவார் ஏற்படுத்திய நிறுவனம். பழைய மடாலயம், அதன் தேவாலயத்துக்குள் ஃபூக்கோவின் ஊசல் ஆடிக்கொண்டிருக்கிறது. பூமி சுற்றுவதைக் கண்ணால் காட்டும் குண்டு. 1909-இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோவின் விமானமும் மேலே தொங்குகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு சின்னப் பித்தளைப் பெட்டியைப் பற்றி. பாஸ்கல் செய்த கணக்கிடும் இயந்திரம். 1642-இல் அதைச் செய்யத் தொடங்கியபோது அவருக்கு வயது 19. ஏன் செய்தார் தெரியுமா? அவர் தந்தை ரூவான் நகரில் வரி வசூல் அதிகாரி. இரவு பகலாக உட்கார்ந்து கூட்டல் போட்டு மாய்ந்துகொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காத பிள்ளை, சக்கரத்தைச் சுழற்றினால் தானே கூட்டி, மிச்சத்தை அடுத்த இலக்கத்துக்குத் தள்ளும் பெட்டி செய்து கொடுத்தான். அதுவும் அன்றைய காசுக் கணக்கு பத்துப் பத்தாகப் போகாது. 12 தெனியே ஒரு சூ, 20 சூ ஒரு லிவ்ர். அதற்கேற்ப ஒரு சக்கரத்துக்கு 12 பல், ஒன்றுக்கு 20. அணா பைசாக் கணக்கில் கூட்டல் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். நானும் ஒரு காலத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் முழுவதும் நீளமான தாளில் கூட்டி, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை சரிபார்த்து, மூன்று பைசா இடிக்கிறது என்று இரவு பத்து மணிக்கு வீடு வந்தவன்தான். இன்றைய கம்ப்யூட்டர்களின் பாட்டன், ஒரு பிள்ளை தன் அப்பாவுக்குச் செய்து கொடுத்தது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அன்று இரவு சாப்பாட்டின்போது இதை அண்ணனிடம் சொன்னேன். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பனுக்குன்னு செஞ்சானா?" என்றார். அப்புறம் பேசவில்லை. மறுநாள் காலையில், "அன்வாலித் போறதுன்னா நான் வரேன். அது பட்டாளத்து எடம்" என்றார்.

அன்வாலித் என்பது 1670-இல் பதினான்காம் லூயி, போரில் அடிபட்ட வீரர்களுக்காகக் கட்ட ஆணையிட்ட இல்லம். இன்று ராணுவ அருங்காட்சியகமும், பொன் பூசிய குவிமாடத்தின் கீழ் நெப்போலியன் சமாதியும் அங்கே இருக்கின்றன. செயின்ட் எலேனா தீவில் 1821-இல் இறந்தவரின் உடலை 1840-இல் கொண்டு வந்தார்கள். இந்தச் சிவப்புக் கல் பேழைக்குள் வைத்தது 1861-இல். பேழை பள்ளத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தால் தலை தானாகக் குனியும். அண்ணன் குனியவில்லை. நேராக நின்று சல்யூட் அடித்தார். மார்ன் போர்முனைக்கு 1914-இல் படையை ஏற்றிச் சென்ற ரெனோ டாக்சி ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதை அவர் சுற்றிச் சுற்றி வந்தார். துப்பாக்கிகளை எனக்கு விளக்கினார். அன்று அவர்தான் ஆசிரியர், நான் மாணவன். திரும்பும்போது மெட்ரோவில் 'டூப்ளே' என்று ஒரு நிலையம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் 'ரூ தெ போந்திசேரி' என்று ஒரு சின்னத் தெரு. பெயர்ப்பலகையின் கீழ் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டோம். நம் கடற்கரையில் டூப்ளேவுக்குச் சிலை இருக்கிறது. அவர் ஊரில் நமக்கு ஒரு தெரு இருக்கிறது. கணக்கு ஓரளவு நேர்.

அடுத்து ஓர்சே. 1900-இல் உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம். ரயில்கள் நீளமாகிவிட்டதால் நடைமேடை போதாமல் போய், பிறகு இடிக்க இருந்ததைக் காப்பாற்றி 1986-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். பெரிய கடிகாரம் இன்னும் இருக்கிறது. வான் கோ, மொனே என்று எல்லோரும் ஓடும் மேல்தளத்துக்கு நாங்கள் போவதற்குள், கீழே மில்லே வரைந்த ஒரு படத்தின் முன் அண்ணன் நின்றுவிட்டார். 'கதிர் பொறுக்கும் பெண்கள்', 1857. அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து, சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். பின்னால் தூரத்தில் போர் போராகக் கதிர்க்கட்டு, குதிரை மேல் மேற்பார்வைக்காரன். ஏழைகளை இவ்வளவு பெரிதாக வரையலாமா என்று அன்றைய கனவான்கள் முகம் சுளித்த படம் அது.

"நம்ம ஆயா" என்றார் அண்ணன்.

எனக்கு ஆயாவை ஈசிச் சேரில் உட்கார்ந்த கிழவியாகத்தான் தெரியும். அவருக்குத் தெரிந்த ஆயா வேறு. பாகூர் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆயாவோடு அவரும் போய்க் கதிர் பொறுக்கியிருக்கிறார். முந்தானையில் சேர்த்து வந்து, உதறி, குத்தி, அன்றைய கஞ்சி. "இந்தா, இந்தம்மா ஒரு கைய இடுப்புக்குப் பின்னால வெச்சிருக்கா பாரு. அப்புடி வெச்சாத்தான் முதுகு வலி தெரியாது. வரைஞ்சவன் பொறுக்கிப் பாத்திருக்கணும்டா" என்றார். எந்த விளக்கப் பலகையிலும் இல்லாத விளக்கம். இந்த இடம் வெள்ளைக்காரர்களுக்கு என்று ஐம்பது ஆண்டு சொன்னவர், அங்கிருந்த பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் மேலே போய் வான் கோவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியாக கிமே. ஆசியக் கலைகளின் அருங்காட்சியகம், இயேனா சதுக்கத்தில். இதை நிறுவிய எமில் கிமே லியோன் நகரத் தொழிலதிபர். பணம் எங்கிருந்து வந்தது என்றால், நீலத்திலிருந்து. அவர் தந்தை 1826-இல் செயற்கை நீலச் சாயம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் அந்த நீலம் ஆப்கானிஸ்தானத்துக் கல்லைப் பொடி செய்துதான் கிடைக்கும். விலை பொன்னுக்குச் சமம். மலிவாகச் செய்பவருக்கு 6,000 ஃபிராங்க் என்று பரிசு அறிவித்திருந்தார்கள். அது அவருக்குக் கிடைத்தது. ஓவியர்களுக்கு மட்டுமில்லை, துணிக்கும் அந்த நீலம்தான். சொட்டு நீலம் வருவதற்கு முன் பொட்டலத்தில் வாங்கி வேட்டிக்குப் போட்டோமே, அந்தத் தூள் நீலம் இந்த வகைதான். உலகத்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைகளின் காசில் எழுந்த அருங்காட்சியகம் என்று சொல்லலாம். எமில் கிமே 1876-இல் ஜப்பான், சீனம், இந்தியா என்று சுற்றி, சேர்த்த பொருள்களை முதலில் லியோனில் வைத்து, 1889-இல் பாரீசில் திறந்தார். நம் ஊர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்து தென்னிந்தியக் கோயில்களை ஆராய்ந்த ழுவோ துப்ரேயின் நூலும் 1914-இல் இந்த அருங்காட்சியகத்தின் வெளியீட்டு வரிசையில்தான் வந்தது.

உள்ளே நுழைந்தால் கம்போடியா. பல தலை நாகத்தைக் கட்டிப் பிடித்து இழுக்கும் கல் அரக்கர்கள். அண்ணன் பார்த்ததும், "பாற்கடல கடையறானுங்க" என்றார். பிறகு ஏழாம் செயவர்மனின் தலை, கண் மூடிய அமைதி. அதைத் தாண்டி இந்தியக் கூடம். அங்கே நடராசர். தமிழ்நாடு, 11-ஆம் நூற்றாண்டு, செம்பு உலோகக் கலவை.

நான் எத்தனையோ நடராசரைப் பார்த்தவன். சிதம்பரம் நமக்கு இரண்டு மணி நேரத் தொலைவு. ஆனால் கோயிலில் நாம் பார்ப்பது முகமும் தூக்கிய திருவடியும் தான். மற்றதெல்லாம் பட்டு, மாலை, நகை. இங்கே ஓர் ஒப்பனையும் இல்லாமல், முதுகுப் புறம்கூடப் பார்க்கும்படி நிற்கிறார். மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்து எடுத்தது. அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. விரல் நுனியில் இருக்கும் வளைவைச் செய்த கைக்கு ஆயிரம் ஆண்டு கழித்து நான் வணக்கம் சொன்னேன். அழகு என்று பார்த்தால் இதைவிட நன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் விளக்கில்லை, எண்ணெய் வாசனை இல்லை, மணி இல்லை. உற்சவர் என்றால் வீதிக்கு வருபவர். இவர் வீதியைப் பார்த்து எத்தனை காலமோ.

அண்ணன் வெகு நேரம் பேசவில்லை. கைகூப்பவும் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "இவரு எப்படா ஒப்சியோன் குடுத்தாரு?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, "நானாவது கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். இவர யாரும் கேக்கலியே" என்றார். சற்று நேரம் கழித்து, சிலையைப் பார்த்தபடியே, "அப்பா என்னிக்காவது ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

அறுபது ஆண்டாகத் தொலைபேசியிலும் கடிதத்திலும் ஊருக்கு வந்த போதெல்லாமும் கேட்காத கேள்வி. நான் உள்ளதைச் சொன்னேன். அப்பா அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் மாதா மாதம் அண்ணன் அனுப்பும் பணம் வரும்போது, அப்பா தொகையைப் பார்க்கமாட்டார். உறையில் இருக்கும் தபால் முத்திரையைத்தான் முதலில் பார்ப்பார். எந்த ஊர், எந்தத் தேதி என்று என்னை வாசிக்கச் சொல்வார். வாசித்ததும் "சரி, நல்லாருக்கான்" என்று உறையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைப்பார். பணத்தை அம்மாவிடம் கொடுப்பார். அவர் காலமான பின் பெட்டியைத் திறந்தபோது, 1964-லிருந்து உறைகள் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. அலுவலகக் கோப்பைக்கூட நான் அவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அந்தக் கவரெல்லாம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன்.

நம் தெய்வத் திருமேனிகள் அயல்நாட்டில் இருக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். திருடிக் கொண்டு போனதைத் திருப்பித் தர வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. சிறிபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார். பிரான்சும் 2021-இல் பெனின் நாட்டுக்கு 26 கலைப்பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் இப்படி மீண்டு வந்த நம் திருமேனிகளில் பல, பாதுகாப்பு கருதி, தம் கோயிலுக்குப் போகாமல் அரசின் காப்பகங்களில் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதும் பூட்டிய அறைக்குள் நிற்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. கேட்டு வாங்குகிற உரிமை நமக்கு உண்டு என்றால், திரும்பி வருபவருக்கு ஒரு கால பூசைக்கும் ஒரு நல்ல பூட்டுக்கும் ஒரு காவலாளுக்கும் ஏற்பாடு செய்யும் கடமையும் நமக்கு உண்டு. அது நடக்கும்வரை, அந்த இயேனா சதுக்கத்துக் கூடத்தில் ஒரு பள்ளிப் பிள்ளைக் கூட்டம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவருடைய நாலு கையை வரைந்துகொண்டிருந்ததை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளைப் பார்க்கப் பாரீஸ் போகும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். லூவ்ரும் கிமேயும் செவ்வாய் விடுமுறை; ஓர்சே, கார்னவாலே, ஆர் எ மெத்தியே மூன்றும் திங்கள் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சேயும் கிமேயும் இலவசம். ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம், இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம், முழங்கால் மன்னிக்காது. காலை திறக்கும்போதே போய்விடுங்கள். உள்ளே போனதும் முதலில் கழிவறை எங்கே, பெஞ்ச் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். மோனா லிசா எங்கும் ஓடிவிடமாட்டாள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் பலகைகளை வாய்விட்டு வாசியுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

முடிந்தால் அங்கேயே வாழ்கிற நம் ஆட்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் "எனக்கு அங்க என்ன வேல" என்பார்கள். விடாதீர்கள். போன வாரம் அண்ணி போனில் சொன்னார்கள்: அண்ணன் இரண்டு முறை தனியாக ஓர்சே போய் வந்தாராம். மூன்றாவது முறை பேத்தியைக் கூட்டிப் போய், அந்தம்மா ஏன் ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறாள் என்று அவளிடம் பிரெஞ்சில் விளக்கினாராம். உறைகளை ஒரு பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனமில்லை. டிசம்பரில் அவர் வருகிறார்.